ஒரு பிடி துணி

ஏறாத கவுன்கள் காலடியில் குவிந்து கிடக்க, பருத்த உடம்புக்காரியான கல்யாணப்பெண் கண்ணாடி முன் கண்ணை இறுக மூடி நிற்கிறாள். முதுகில் ஜிப் ஏறும் சத்தம் வழக்கமான இடத்தில் நிற்காமல் கழுத்துவரை போகிறது. திரைக்கு வெளியிலிருந்து அம்மா, "ஏறலைன்னா விட்டுடுங்க, கிழிச்சு வெச்சுடப் போறா," என்கிறாள். ஜிப்பை ஏற்றிய கடைத் தையல்காரி இடுப்போரம் ஒரு பிடி துணியை இழுத்துப் பார்க்கிறாள். "லூசா இருக்கும்மா. ரெண்டு பக்கமும் பிடிக்கணும்." பெண் திடுக்கிட்டுக் கண்ணைத் திறக்கிறாள். அவள் உடுப்புகளை இதுவரை தையல் பிரித்துப் பெரிதாக்கித்தான் விட்டிருக்கிறார்கள், யாரும் பிடித்துச் சிறிதாக்கியதில்லை. அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்க்கிறாள். வெள்ளைத் துணிமேல் விளக்கொளி அசையாமல் கிடக்கிறது. குண்டூசியோடு நெருங்கும் கையைப் பெண் மெல்லத் தடுக்கிறாள். "பிடிக்க வேண்டாம்க்கா. இப்படியே இருக்கட்டும்."