பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர்

மாப்பிள்ளை முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் கார் கண்ணாடியை இறக்கிப் பார்த்த சாந்தாமணி முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, அவருதானுங்களா? போட்டோவுல கோட்டு சூட்டெல்லாம் போட்டிருந்தாரு?"

"அவரேதான். சபரீஷ்," என்றார் கணவர் தம்பிதுரை.

"நம்ம பொண்ணு பிரவீனா எம்.பி.ஏ. படிச்சவ. தொட்டியில எறங்கிச் சேறு அள்ளறவருக்கா கட்டிக் குடுக்கறது?"

தேங்காய் மட்டையை அடித்து நாரும் நார்த்தூளும் எடுக்கிற மில் அது. கிணத்துக்கடவைத் தாண்டி உள்ளே இருந்தது. பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் தம்பிதுரைக்கும் இதே தொழில்தான். அவருடைய ஆபீஸில் மார்பிள் தரை, கண்ணாடிக் கதவு, வாசலில் தண்ணீர் பீய்ச்சும் பொம்மை. இங்கே ஆபீஸ் என்று இருந்தது தகரக் கொட்டகை.

"கதவு நேரா நிக்க மாட்டேங்குது. இவிய வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பறாங்களாமா! புரோக்கர் நல்லாவே அளந்துபோட்டாரு."

"அவசரப்படாத சாந்தா. பக்கத்துல விசாரிப்போம்."

அதற்கு அவள் உடனே தலையாட்டினாள். ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்க, வரப்பை ஒட்டின தோட்டக்காரரை விட்டால் ஆள் கிடையாது. குறையை மறைக்க மாட்டார். குறை இல்லாவிட்டாலும் ஒன்றைத் தேடிச் சொல்வார்.

தண்ணீர் கேட்கிற சாக்கில் இருவரும் பக்கத்துத் தோட்டத்துக்குள் போனார்கள். மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த மயில்சாமி, உள்ளே போய்ச் சொம்போடு வந்தார்.

"மொதல்ல தண்ணியக் குடிங்கம்மணி. மாப்பிள்ளையப் பத்தி அப்புறம் கேக்கலாம்."

சாந்தாமணி திடுக்கிட்டாள். "உங்களுக்கு யாருங்கண்ணா சொன்னது?"

"இந்த வெயில்ல பட்டுச்சேலை கட்டிக்கிட்டு தோட்டத்துக்குள்ள தண்ணி கேட்டு வர்றவிய வேற யாருங்க?"

தம்பிதுரை சிரித்துவிட்டார். சாந்தாமணி சிரிக்கவில்லை. சொம்பை வெளிச்சத்தில் சாய்த்து உற்றுப் பார்த்தாள். நார்த்தூள் அலசின தண்ணீர் மண்ணில் இறங்கினால் கிணறு என்ன கதி ஆகும் என்று ஒரு மில்காரர் மனைவிக்குத் தெரியாதா?

சொம்பின் அடி பளிச்சென்று தெரிந்தது.

"கேன் தண்ணிங்களா?"

"கெணத்துத் தண்ணிங்க."

"மில்லை ஒட்டின கெணத்துல இப்படியா இருக்கும்?"

"முன்னால வரக்காப்பி நெறந்தானுங்க. எருமை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். நாந்தான் மில்லு லாரிய மறிச்சு, பையனோட அப்பன் சட்டையப் புடிச்சேன்."

சாந்தாமணிக்குத் தெம்பு வந்தது. "அப்படிச் சொல்லுங்க! பெரிய சண்டையாயிப்போச்சா?"

"எங்கீங்க? அதுக்குள்ள பையன் வந்துட்டாரு. எங்க கெணத்துத் தண்ணியை ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சாரு. புது ஆபீஸ் கட்ட எறக்கி வெச்சிருந்த செங்கல்லு, சிமெண்ட்டையெல்லாம் எடுத்துத் தொட்டி கட்டிப்போட்டாரு. இப்ப அலசின தண்ணி ஒரு சொட்டு வெளிய வர்றதில்லைங்க. தொட்டி தொட்டியா வடிஞ்சு, தெளிஞ்சு, திரும்ப அலசறதுக்கே போகுது. அடியில தங்கற சேத்தை அப்பப்ப அள்ளணும். ஆளுங்களோட அவரும் எறங்கிருவாரு."

"பாவம், வீண் செலவு."

"செலவுங்களா? போன கோடையில போர் வத்திப்போயி சுத்துப்பட்டு மில்லெல்லாம் பூட்டிக் கெடந்துச்சு. இங்க ஒரு நாள் நிக்கலையே!"

தம்பிதுரை இருமினார். பூட்டிக் கிடந்ததில் அவருடைய மில்லும் ஒன்று.

"சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பேர் வந்தாங்க. மில்லைக்கூட அப்புறந்தான் பாத்தாங்க. மொதல்ல இங்க வந்து, உங்களாட்டமே தண்ணி கேட்டாங்க. குடிச்சுப் பாத்துட்டு அன்னிக்கே பெரிய ஆர்டர் குடுத்துட்டுப் போனாங்க. என்ன, அவிய பட்டுச்சேலை கட்டியிருக்கலை."

இந்தத் தடவை சாந்தாமணியும் சிரித்தாள். சொம்பைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

காரில் ஏறியதும் அவளுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது.

"தங்கமான பையனுங்க. சேத்துல நின்னாலும் என்ன களையா இருக்கறாரு பாத்தீங்களா? அவிய நம்மளை வேண்டாம்னு சொல்லிருவாங்களோ? நேத்தே பதில் சொல்றேன்னாங்க. ஏனுங்க, புரோக்கருக்கு ஒரு போன் போடுங்க."

போடுவதற்குள் புரோக்கரே கூப்பிட்டார். தம்பிதுரை ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மணி, அவிய பக்கமும் விசாரிச்சாச்சு. பொண்ணை எல்லார்த்துக்கும் புடிச்சுப்போச்சு. ஆனா ஒரே ஒரு விஷயம் கேக்கறாங்க."

சாந்தாமணி போன் பக்கம் குனிந்தாள். "எத்தனை பவுனுங்க?"

"பவுனே வேண்டாமாமா. கல்யாணத்துக்கு முன்னால மாப்பிள்ளையே வந்து, உங்க மில்லுல தொட்டி கட்டித் தாராராமா. நீங்க மாட்டேன்னு மட்டும் சொல்லக் கூடாதாமா."

"எங்க மில்லுலயா? அது எதுக்குங்க?"

"மாப்பிள்ளையோட அம்மா நேத்து உங்க மில்லுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயி, குடிக்கத் தண்ணி கேட்டிருக்காங்க. குடிச்சுப்போட்டு, 'வரக்காப்பி நல்லாத்தான் இருக்குது, சக்கரைதான் போட மறந்துட்டீங்க'ன்னு சொல்லிட்டு வந்தாங்களாமா!"