யாருக்காகவும் நிற்காத பெட்டி

முதன்முறையாக எழுதத் துணிகிறேன். பிழையிருப்பின் வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

நாகர்கோவில் மெல்லிசைக் குழுவொன்றில் பாடகியான ரெஜினா, இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே எலக்ட்ரானிக் தாளப்பெட்டியோடு பாடிவந்தார். வாங்கும்போதே பழையதான அதன் உற்பத்தி நின்றே நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பொத்தானை அமுக்கினால் அது தன்பாட்டுக்குத் தட்டும். பாடகி இருமினாலும், வரியை மறந்தாலும் நிற்காது. அதை எட்டிப் பிடிக்க ஓடுவதுதான் அவருக்குப் பாட்டு.

இப்போதைய கருவிகளோ பாடுபவரின் மூச்சைக் கேட்டு, அவர் போகும் வழியே போகின்றன. குழுத்தலைவர் டென்னிசன் ஒருநாள் காலை பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, அப்படியொன்றை அன்று மாலையே ஒரு திருமண வரவேற்பு மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்.

முதல் சரணம்வரை குறையொன்றுமில்லை. இடையிசை முடிந்ததும், இரண்டாம் சரணத்துக்குத் தம்மைத் தள்ளிவிடும் அந்த 'டும்' ஒலிக்காக ரெஜினா வழக்கம்போலக் காத்து நின்றார். கருவியோ, அவர் மூச்செடுக்கட்டும் என்று காத்து நின்றது. மண்டபமே அமைதியாகிவிட்டது. மணமக்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாடுங்கக்கா, அது உங்களுக்காண்டிதான் நிக்கி," என்று கிசுகிசுத்தார் டென்னிசன்.

"எனக்காண்டி நிக்காத பெட்டிக்க கூடல்லா டென்னிசா இத்தன வருசம் ஓடுனேன்? இது பொண்ணு வீட்டுக்காரன மாதிரி மரியாதையா நிக்கி. எனக்கு அடியெடுக்க வரல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு மைக்கை அதன் தாங்கியில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். மறுபடி அவர் ஏறவில்லை.

அன்று போனவை: பழைய தாளப்பெட்டி ஒன்று, இரண்டாம் சரணம் ஒன்று, பாடகி ஒருவர்.