வலஞ்சுழி, இடஞ்சுழி

“இந்தத் தடவையும் கோட்டை விட்டா, இனிமே படகுப் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேன்னு சொல்லிட்டா மாப்பிள்ளை” என்றாள் மாமியார்.

“சும்மா இருங்க அத்தை. நேத்து நானே தண்ணிக்குள்ள சுத்துற ரெண்டு விசிறியையும் கழற்றி, தேய்ச்சு, பளபளன்னு மாட்டி விட்டிருக்கேன். பாதி வேலையை அதுவே பார்த்துக்கும்” என்றான் மெக்கானிக்.

இருவரும் படகுத்துறையின் ஓரத்தில் நின்றிருந்தார்கள். அவன் மனைவிக்கு இன்று படகோட்டி உரிமத்துக்கான தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாயிற்று. இதிலும் தோற்றால், பயணிகள் படகில் அவளுக்காக வைத்திருக்கும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இரட்டை இன்ஜின் படகில் அவளுக்குப் பக்கத்தில் தேர்வு அதிகாரி உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

கயிற்றை அவிழ்த்ததும், முன்னால் போக வேண்டிய படகு ஒரு முழம் பின்னால் வந்தது. மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“பதற்றம் அத்தை, வேற ஒண்ணுமில்லை. வலது எது, இடது எதுன்னு அவ மண்டையில ஏத்தவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு!”

படகு சற்று நின்றது. உள்ளே இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு நிதானமாகக் கிளம்பி, மிதவைகளை எல்லாம் சுற்றிவிட்டு அரை மணி நேரத்தில் துறைக்குத் திரும்பியது.

இனிதான் கண்டம். இரண்டு பெரிய படகுகளுக்கு நடுவே உள்ள சந்தில் இதைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். போதாக்குறைக்குக் காற்று வேறு பக்கவாட்டில் தள்ளியது.

“ஐயையோ, ஸ்டியரிங்கை விட்டுட்டாளே!”

“அதுதான் அத்தை வித்தை! வலப்பக்க விசிறி வலஞ்சுழி, இடப்பக்கத்தது இடஞ்சுழி. ஒரு இன்ஜினை முன்னாலயும் இன்னொண்ணைப் பின்னாலயும் ஓட்டினா படகு நின்ன இடத்துலயே சுத்தும். லீவர் ரெண்டு போதும்.”

லீவர்களைப் பக்கப் பலகை மறைத்ததால், அங்கே அவள் கைகள் செய்தது தெரியவில்லை. தெரிந்தது படகு மட்டும்தான். அவ்வளவு பெரிய உடம்பு, தூளியில் கிடக்கும் குழந்தையைத் திருப்பிப் போடுவதுபோல அத்தனை பதமாகத் திரும்பியது. காற்று தள்ளியபோது லேசாக உறுமி, நேராகி, சந்துக்குள் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. துறையோரத்து டயரில் உரசிய சத்தம்கூட இல்லை.

மெக்கானிக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. “பத்து வருஷமா இங்க இருக்கேன். இப்படி ஒருத்தர் கட்டி நான் பார்த்ததே இல்லை அத்தை” என்றான்.

அதிகாரி இறங்கினார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“பாஸ்” என்றவர், மெக்கானிக்கை மட்டும் தனியே அழைத்தார். “விசிறி மாட்டினது யாரு?”

“நான்தான் சார்!” என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “வலஞ்சுழியை இடப்பக்கமும் இடஞ்சுழியை வலப்பக்கமும் மாத்தி மாட்டியிருக்கீங்க. முன்னால தள்ளினா படகு பின்னால போகுது. தேர்வை நிறுத்திடலாம்னேன். ‘வேண்டாம் சார், எங்கம்மா முன்னாடி அவர் தலைகுனியக் கூடாது’ன்னுட்டு, உங்க சம்சாரம் அந்த அரை மணி நேரமும் ரெண்டு லீவரையும் தலைகீழாவே போட்டு ஓட்டினாங்க.”