கோடு விழாத பெயர்

ஒரு கணினியில், ஒரு கல்யாணப் பத்திரிகையின் அடியில், எட்டும் கி.மீ.யும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. 'பேருந்து நிலையத்திலிருந்து மண்டபம் எட்டு கி.மீ.' என்று வழி சொல்வதுதான் இரண்டுக்கும் வேலை.

திடீரென்று கி.மீ.யின் காலடியில் நெளிநெளியாகச் சிவப்புக் கோடு ஒன்று வந்து படுத்தது. பிழைதிருத்தியின் காவலாளி அது.

"யோவ், யாருய்யா நீ? அகராதியில உன் பேரே இல்லையே!"

"கிலோமீட்டருங்க ஐயா. சுருக்கமா..."

"சுருக்கமாவது பெருக்கமாவது! தட்டச்சுக்காரர் டீ குடிச்சிட்டு வந்ததும் உன்னை அழிச்சிடுவாரு, பாரு."

கி.மீ.க்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு புள்ளியை விழுங்கிப் பார்த்தது. இரண்டையும் விழுங்கிப் பார்த்தது. கோடு நகரவேயில்லை.

"சும்மா இருடா பயந்தாங்கொள்ளி, நாம சரியாத்தான் இருக்கோம்" என்றது எட்டு.

"உனக்கென்ன, நீ ஒரு எண்! உன்னை யாரு கேக்கப்போறா?"

கோடு குரலைக் குழைத்தது. "அகராதியில இருக்கிற பேரா ஒண்ணு தர்றேன், வெச்சுக்கறியா? கீரி. லட்சணமான பேரு."

கி.மீ. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியது. கோடு மறைந்தது. அப்பாடா!

தட்டச்சுக்காரர் வந்தார், மேலும் கீழும் பார்த்தார். சிவப்பே இல்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

"டேய்" என்று மெல்லக் கூப்பிட்டது எட்டு, "மண்டபம் எட்டு எதுடா?"

கீரி அவசரமாகத் தன் காலடியைக் குனிந்து பார்த்தது. கோடு திரும்பி வந்துவிட்டால்?