அடுத்த வருகைத் தேதி

1995இல் மலேசியாவின் கிள்ளான் நகரக் கிளினிக் ஒன்றின் பழைய நோயாளி கார்டுகளை, பிரிக்பீல்ட்ஸ் மருத்துவமனையும் படிக்கக்கூடிய பொதுப் படிவத்தில் கனகேஸ்வரி கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் இறந்த தன் கணவர் சண்முகரத்தினத்தின் கார்டும் வந்தது. படிவத்தில் இறப்புக்கென்று ஒரு கட்டம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருகைத் தேதி இல்லாமல் கணினி ஏற்கவும் இல்லை.

“ஏதாவது ஒரு டேட் போடுங்கக்கா. சிஸ்டம் அப்படித்தான் லா,” என்றாள் உடன் வேலை செய்யும் உமையாள்.

கனகேஸ்வரி வரும் செவ்வாய்க்கிழமையைப் போட்டாள்.

புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து பதிவுகள் திரும்பி வந்தன. கணவரின் பக்கத்தில் டாக்டரின் குறிப்பு இருந்தது.

“நேற்று வந்தார். எடை நாற்பத்தொரு கிலோ. தூக்கமில்லை. வீட்டில் மனைவி மூன்று வருடமாகப் பேசுவதே இல்லை என்கிறார். அடுத்த செவ்வாய் மனைவியையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.”