திறந்து கிடந்த வக்கடை

"இது களவுதான்," என்றாள் லைலா.

விவசாயப் போதனாசிரியை அஸ்னா, நிற அட்டையை நெல்லிலையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைலாவின் வயலில் இலையெல்லாம் வெளிறிக் கிடந்தது. கீழ்வயல் பாலம்மாவுடையது. அதில் வரம்போரமாக மட்டும் நல்ல கரும்பச்சை.

"களவெண்டு நான் செல்லல்ல ராத்தா," என்றாள் அஸ்னா. "இலைதான் பயிருக்குக் குசினி. வெயிலை வெச்சு அதுதான் சாப்பாடு ஆக்கிற. யூரியா பத்தாட்டி இலையில பச்சை பிடிக்காது. பச்சை இல்லாட்டி எவ்வளவு வெயில் எறிச்சும் குசினியில அடுப்பு எரியாது, நெல்லும் பால் பிடிக்காது. நீங்க போட்ட பசளை எங்கயோ போகுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

எங்கே போகிறதென்று லைலாவுக்கா தெரியாது?

சுனாமி வந்து மூன்றாம் வருசம். சண்டைக் காலம்; யூரியாவில் குண்டு செய்துவிடுவார்கள் என்று, இராணுவத்தின் பாஸ் இல்லாமல் யாருக்கும் அது கிடையாது. மூன்று நாள் வரிசையில் நின்று, கால் வீங்கி, லைலா வாங்கிய பாஸ் அது. காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டினால்தான் பாஸ். பாலம்மாவின் புருசன் கோகிலனையும் வீட்டிலிருந்த உறுதியையும் கடல் ஒன்றாகவே கொண்டுபோயிருந்தது. பாஸ் இல்லாதவள் வயலில் பச்சை எங்கிருந்து வரும்?

அஸ்னா அடுத்த வயலுக்குப் போனதும் லைலா வரம்பில் விறுவிறுவென்று நடந்தாள். மேல்மூலையில் கணவர் ஸலாஹுதீன் இரண்டாம் தடவைக்கான யூரியாவை எறிந்துகொண்டிருந்தார். அந்த மனுசனிடம் சொல்லிப் பயனில்லை. இலை ஏன் வெளிறுகிறது என்று கேட்டால், "மண் சரியில்ல" என்று வானத்தைப் பார்ப்பார்.

மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்கு இறங்குவது வரம்பில் வெட்டிய வக்கடை வழியாக. பசளை எறிகிற நாளில் அதைச் சேறு வைத்து அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யூரியா கரைந்து தண்ணீரோடு போய்விடும். வயலுக்கு முதல் நாள் வந்தவனுக்கும் இது தெரியும்.

வக்கடை திறந்து கிடந்தது. தண்ணீர் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாலம்மா, இரண்டு கையிலும் சேற்றோடு.

"ஆரு வெட்டின?"

பாலம்மா கைச்சேற்றைப் பார்த்தபடி நின்றாள்.

"கேக்கிறன் புள்ள. வாய் இல்லையா?"

"மன்னிச்சிருங்க அக்கா."

"வட்டவிதானைக்கிட்ட இண்டைக்கே செல்லுறன். அடுத்த போகம் உன்ட வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வராது."

வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிடுவது வட்டவிதானைதான். தண்ணீர் இல்லையென்றால் வயல் இல்லை. பாலம்மாவின் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த வயலை விட்டால் வேறு கதி இல்லை.

"செல்லுங்க அக்கா," என்றாள், தலையைத் தூக்காமல்.

லைலாவுக்கே ஒரு மாதிரியாகப் போயிற்று. களவெடுத்தவள் ஒரு பொய்யாவது சொல்லிப் பார்க்கமாட்டாளா?

சத்தம் கேட்டு ஸலாஹுதீன் ஓடி வந்தார். கட்டியிருந்த சாரமெல்லாம் சேறு.

"அவவை ஏசாத லைலா. அவ வெட்டல்ல, அடைக்க வந்திருக்கா. போன முறையும் ரெண்டு தரம் அடைச்சா. நாந்தான் மறுகா வெட்டி விட்ட."

லைலா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குடுக்கிறதெண்டா ஒரு வாளியில அள்ளிக் குடுத்திருக்கலாமே. என்னத்துக்கு இந்தக் கள்ள வேலை?"

"பாஸ் இல்லாதவட வீட்டில ஒரு பேணி யூரியா கிடந்தாலும் ஆளைக் கொண்டுபோயிருவாங்க. தண்ணிக்கிட்ட ஆரு பாஸ் கேக்கிற?"

லைலா பாலம்மாவிடம் திரும்பினாள். "இதை நீ ஏன் புள்ள செல்லல்ல?"

"ஸலாஹுதீன் காக்காவுக்கு ஏதும் வந்திருமெண்டுதான் அக்கா."

லைலாவுக்கு வெட்கமாக இருந்தது. நெஞ்சுக்குள் எதுவோ கரைந்து கண்ணுக்கு வந்தது. முக்காட்டால் துடைத்துக்கொண்டு, வரம்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். அடைக்கத்தான் போகிறாள் என்று நினைத்துப் பாலம்மா ஒதுங்கி நின்றாள்.

"உன்ட வயலில இன்னும் மஞ்சளா நிக்கிறது எந்தப் பக்கம் புள்ள?" என்றாள் லைலா.