அண்ணாந்து குடித்த சாகே

"எம் பொண்டாட்டி ஜப்பான் கோயில்ல ஒரு பீப்பா சாகேயை ஒரே மூச்சுல குடிச்சா. சாமியே பயந்துபோய் ரெண்டடி பின்னால போயிட்டு!"

ஊர் திரும்பிய அன்றே அவர் அவிழ்த்துவிட்டார்.

கூடத்தில் இருந்த சொந்தமெல்லாம் வாய் பிளந்தது. மகள் கல்யாணத்துக்கு ஜப்பான் வரை போய்வந்த மனிதர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

"பொய்," என்றாள் அவர் மனைவி ஆவுடை, அடுக்களையிலிருந்து.

அவள் ஒருத்திதான் நம்பவில்லை.

அவர் அசரவில்லை. கதையைத் தொடர்ந்தார்.

மேகத்தைக் கிழிக்கும் மரங்கள். நடுவே கோயில். மணமக்கள் குடித்தாயிற்று. இனி சாமிக்குப் படைத்த அந்த அரிசி மதுவை இரு வீட்டாரும் சேர்ந்து குடிக்க வேண்டும்.

குடித்தால்தான் சம்பந்தம்.

சிவப்புப் பாவாடை கட்டிய கோயில் பெண் ஆவுடையின் கிண்ணத்தில் ஊற்றினாள்.

அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அந்தக் காலத்துல அரிசியை மென்னு, பானையில துப்பித்தான் இதைச் செஞ்சாங்களாம்," என்று அவள் காதில் ஓதினார்.

எச்சில்!

புருஷன் வாய் வைத்த தம்ளரைப் புளி போட்டுத் தேய்க்கிறவள் அவள். கிண்ணம் உதட்டருகே நின்றுவிட்டது.

எதிர்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் கிண்ணங்களோடு காத்திருந்தார்கள்.

மகளின் கண்ணில் குளம் கட்டியது.

ஆவுடை அதைப் பார்த்தாள்.

முகத்தை வானத்துக்குத் திருப்பினாள். கிண்ணத்தை ஒரு முழம் உயர்த்தினாள். செம்புத் தண்ணீர் குடிக்கிற மாதிரி, உதடு படாமல், அப்படியே ஊற்றிக்கொண்டாள். குற்றாலம் தோற்றது.

மூன்று மிடறாக உறிஞ்ச வேண்டியது அது.

பூசாரியின் தொப்பி சரிந்தது.



மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். ஆவுடையைக் குனிந்து வணங்கினாள். தானும் அண்ணாந்தாள்.

மூக்கு, கழுத்து, பட்டுக் கிமோனோ, எல்லாம் சாகே. இருமலோ இருமல்.

முதலில் சிரித்தது மகள்தான்.

அவர் சொல்லி முடித்ததும் சொந்தமெல்லாம் அடுக்களைப் பக்கம் திரும்பியது.

ஆவுடை கரண்டியோடு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"பீப்பால்லாம் கிடையாது. ரெண்டே கிண்ணம்."

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் கண்ணால் பார்த்தது ஒன்றுதான்.

"ரெண்டாவது எப்போ, ஏட்டி?"

"நீங்க வெளிய போட்டோ பிடிச்சிட்டு நின்னீங்கள்லா, அப்போ," என்றாள். "சம்பந்தியம்மாவுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாமா?"